சாந்தி யாருக்கு?



தொண்டு என்று சொல்லிவிட்டால் துருவிப் பார்க்காத இனம் நம் இனம். அணுவாற்றலுக்கும் தூய ஆற்றலுக்கும் துணை நிற்கப் புறப்பட்ட 'இலாப நோக்கற்ற' சங்கங்கள் உலகெங்கும் ஆண்டுதோறும் முன்னேற்ற அறிக்கை வெளியிடுவது அந்தத் துணிவில்தான். வழவழப்பான தாள், வண்ண வண்ணப் படங்கள், இத்தனை மாநாடு கூட்டினோம், இத்தனை அமைச்சரைக் கண்டோம் என்ற பட்டியல்! 2023 டிசம்பரில் துபாயில் 20-க்கும் மேற்பட்ட நாடுகள் கூடி, 2050-க்குள் அணுமின் திறனை மும்மடங்காக்குவோம் என்று முழங்கினவே, அது அவர்களுக்கு மணிமகுடம். மகிழட்டும், தடுப்பாரில்லை. ஆனால் அந்தக் கணக்கேட்டில் வரவு மட்டும் இருக்கிறதே, செலவுப் பக்கத்தைக் கிழித்தவர் யார்?

கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். அணு எப்படிப் பிளக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடன் பத்திரம் எப்படி எழுதப்படுகிறது என்பது நன்றாகத் தெரியும்.

இடிந்தகரைக் கடற்கரையிலே மீனவத் தாய்மார்கள் பந்தல் போட்டு உண்ணாநோன்பிருந்த காலம் நினைவிருக்கிறதா? 2012 பிப்ரவரியில், அன்றைய பிரதமர் மன்மோகன் சிங், 'சயின்ஸ்' ஏட்டுக்கு அளித்த பேட்டியில், அமெரிக்கத் தொண்டு நிறுவனங்களே பின்னணி என்றார். நிறுவனங்களின் கணக்குகள் முடக்கப்பட்டன. வலை பின்னும் கரங்கள்மீது, ஆயிரக்கணக்கில், இராசத்துரோக வழக்கு! எதிர்ப்பவன் பின்னே காசு இருந்தால் சதி. ஆதரிப்பவன் பின்னே காசு இருந்தால் சேவை! என்னே நீதி!

அதே 2012-ல் நம் திருமங்கலம் எப்படி இருந்தது? நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. கப்பலூர்த் தொழிற்பேட்டையிலே இயந்திரம் உறங்கிற்று. கரிசல் காட்டுக் கிணற்றிலே மோட்டார் உறங்கிற்று. கைக்குழந்தைகள் மட்டும் உறங்கவில்லை. அந்த இருட்டைக் காட்டித்தான் சொன்னார்கள்: 'கூடங்குளம் வரட்டும், குறை தீரும்!' வந்தது. 1988 நவம்பர் 20-ல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பமிட்டது, 2014 டிசம்பர் 31-ல் முதல் உலை வணிக உற்பத்தியாக வந்தது! இரு உலைகளின் 2000 மெகாவாட்டில் தமிழகத்துக்கு முதலில் ஒதுக்கிய பங்கு 925. கடல் நமது, கரை நமது, கலக்கம் நமது; மின்சாரம் மட்டும் முழுதும் நமதில்லை!

உலைக்காக நாடு காத்துக் கிடந்த அந்த ஆண்டுகளிலே, ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் காற்று சும்மா இருந்ததா? சுழன்றது. 'மின்சாரத்தை எடுத்துச்செல்லப் போதிய கம்பியில்லை, காற்றாலையை நிறுத்து' என்று கட்டளை போயிற்று. இருளில் கிடந்த நாட்டிலே விளக்கை ஊதி அணைத்த விந்தை அது! கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் சில திங்களில் எழுந்தது. அதையும் கைதட்டி வரவேற்றுவிட முடியவில்லை. யூனிட் 7 ரூபாய் 1 காசு என்று ஒரே குழுமத்திடம் வாங்க ஒப்பந்தம்! தூயது என்று பெயர் சூட்டிவிட்டால் விலை கேட்கக் கூடாதா?

'இரவிலே சூரியன் ஏது, ஆடி போனால் காற்று ஏது?' என்பார்கள். நியாயமான கேள்வி. அணுமின்சாரம் அடியோடு கூடாது என்று சத்தியம் செய்பவனல்ல நான். கேட்பது பொறுப்பு.

அந்தப் பொறுப்புக்கு நேர்ந்ததைப் பாருங்கள். 2010-ல் வந்த இழப்பீட்டுச் சட்டம், உலை நடத்துபவரின் பொறுப்பை 1500 கோடி ரூபாய்க்குள் அடக்கியது. ஆனாலும் அதன் 17-ஆம் பிரிவு, பழுதான கருவி தந்தவன்மீது பாய ஒரு வழி வைத்தது. போபால் தந்த பாடம் அது. 1984-ல் நச்சுப்புகை ஆயிரமாயிரம் உயிர் குடித்தது. 1989-ல் 47 கோடி டாலரோடு கணக்கு முடிந்தது. நிறுவனத் தலைவர் ஆண்டர்சன் இந்தியக் கூண்டிலே ஏறாமலே 2014-ல் மறைந்தார். பாடத்தை மறக்க எத்தனை ஆண்டு பிடித்தது? பதினைந்து! 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டம் இயற்றி, தனியார் முதலாளிகளுக்கு அணுஉலைக் கதவைத் திறந்தது. பழுதுக்குப் பொறுப்பான அந்த வாசகத்தை அகற்றியது. ஒப்பந்தத்திலே எழுதியிருந்தாலோ, வேண்டுமென்றே கேடு செய்தாலோ ஒழிய, கருவி தந்தவனைத் தொட முடியாது!

சட்டத்தின் பெயர் 'சாந்தி'. நாடகம் எழுதுகிறவன் நான்; இப்படியொரு பெயரை வில்லனுக்குச் சூட்டியிருந்தால், மிகையென்று கொட்டகையே சிரித்திருக்கும்.

மிகப் பெரிய உலைக்கும் நடத்துபவரின் பொறுப்பு 3000 கோடிக்கு மேல் இல்லை. 2011-ல் வெடித்த புகுஷிமாவுக்கு ஜப்பான் அரசு 2016-ல் போட்ட செலவு மதிப்பீடு 21.5 லட்சம் கோடி யென். யென்னுக்கு அரை ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் பத்து லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. மூவாயிரம் எங்கே, பத்து லட்சம் எங்கே? இடையிலுள்ள பள்ளத்திலே விழப்போவது யார்? உவரி மீனவனா, திருமங்கலத்துப் பருத்தி விவசாயியா, வரி கட்டும் ஒவ்வொருவருமா?

பயன்படுத்திய எரிபொருளுக்குத் தனிக் கிடங்கு ஐந்தாண்டுக்குள் வேண்டும் என்று 2013 மே மாதம் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. 2018-ல் தவணை கேட்டார்கள். 2022 வரை கிடைத்தது. வட்டிக்கடையில் நாம் இப்படித் தவணை கேட்டால் அண்டா தெருவுக்கு வந்திருக்கும்!

கிளைச் செயலாளர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் எக்கட்சியினராயினும் சரி, நம்மவராயினும் சரி, நேரிலே சென்று மூன்று கேள்வி கேளுங்கள். 17-ஆம் பிரிவு போனபோது நீங்கள் எப்பக்கம் கை தூக்கினீர்கள்? கூடங்குளத்தில் எழும் அடுத்த நான்கு உலைகளில் தமிழகத்தின் பங்கு எவ்வளவு? எரிபொருள் கிடங்கு எந்த நிலையில்? விடையை வாய்மொழியாக வேண்டாம், எழுத்திலே வாங்குங்கள்.