"அந்த ஃபீச்சர் இந்த மாடல்ல இல்ல சார்"

ரெண்டு மாசமா கடைப்பக்கம் வரல. ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ஆனா இதை எழுதாம விட்டா தூக்கம் வராது போல இருக்கு. கொஞ்சம் சூடா இருந்தா பொறுத்துக்குங்க மக்களே.

நான் இருக்கறது சேலையூர்ல, கேம்ப் ரோட்டுலேர்ந்து உள்ள தள்ளி, 48 வீட்டு அபார்ட்மெண்ட். போன வருஷம் அசோசியேஷன்ல வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணி 16 ஐபி கேமரா போட்டாங்க. சும்மா கேமரா இல்ல, கம்பெனி, பாங்க்ல எல்லாம் மாட்டற 'எண்டர்பிரைஸ்' கேமராவாம். கொட்டேஷன்ல இருந்தது: 4 மெகாபிக்சல், ராத்திரிப் பார்வை, யாராவது கோட்டைத் தாண்டினா அலாரம், ஆடியோ, 30 நாள் பதிவு. கேட்ல "நீங்கள் கண்காணிக்கப்படுகிறீர்கள்"னு போர்டு. திறப்பு விழாவுக்கு கேசரி கூட உண்டு.

ஒரு நாள் விடியக்காலை மூணாவது மாடிக்காரரோட ஸ்கூட்டரைக் காணோம். ராத்திரி ரெண்டு மணி சுமாருக்கு நாய் குலைச்சதுன்னு கீழ் வீட்டு மாமி சொன்னாங்க. சரின்னு செகரட்டரி சார் கேட் கேமராவுல ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் ஓட்டிப் பாத்தார். வண்டி எதுவும் வெளிய போகல. ஆனா ரெண்டு மணிக்கு வாட்ச்மேன் நாற்காலி காலி. இருபது நிமிஷம் ஆள் இல்ல. அந்தத் துண்டை வாட்ஸப் குரூப்புல போட்டாங்க. அலாரம் ஏன் அடிக்கலன்னு கேமரா மாட்டினவரைக் கேட்டதுக்கு "அந்த ஃபீச்சர் இந்த மாடல்ல இல்ல சார்"னு பதில். அதோட விஷயம் முடிஞ்சுது. வாட்ச்மேன் பெரியவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், திருவண்ணாமலைப் பக்கம். மறுநாளே அவரை அனுப்பிட்டாங்க, அந்த மாசத்துல பாதி சம்பளத்தைப் பிடிச்சுக்கிட்டு. குரூப்புல கட்டைவிரல் காட்டினவங்கள்ல அடியேனும் ஒருத்தன். ஆபீஸ் மீட்டிங் நடுவுல, வீடியோவைக் கூட முழுசா பாக்காம.

பன்னெண்டு நாள் கழிச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை, வேற வேலை இல்லாம (நெசமாவே) அந்த ரூமுக்குள்ள போனேன். இல்லாத வசதியைக் கொட்டேஷன்ல எப்படிப் போட்டாங்கன்னு ஒரு அரிப்பு. அவ்வளவுதான்.

முதல்ல பாத்தது, நமக்குக் குடுத்திருந்த யூசர்நேமுக்குப் பாதி மெனு கிடையாது. அது வெறும் ஆபரேட்டர் கணக்கு. அட்மின் பாஸ்வேர்டு மாட்டினவர்கிட்ட. "செட்டிங்கைக் கலைச்சிடுவீங்க சார், அதான் குடுக்கல"ன்னார் போன்ல. காசு நம்முது, சுவர் நம்முது, சாவி மட்டும் அவர்கிட்ட. அரை மணி நேரம் கத்தினதுக்கப்புறம் குடுத்தார்.

உள்ள போனா, இல்லாத வசதி எல்லாம் வரிசையா உக்காந்திருக்கு. கேமரா ஒரு கம்பெனி, ரெக்கார்டர் இன்னொரு கம்பெனி. ரெண்டும் பேசிக்க ஆன்விஃப்னு ஒரு பொது மொழி உண்டு. 2008ல ஆக்ஸிஸ், பாஷ், சோனி மூணு பேரும் சேந்து ஆரம்பிச்சது. நல்ல விஷயம்தான், ஆனா அதுல படம் வர்றதுக்கு இருக்கற உத்தரவாதம் ஒவ்வொரு கம்பெனியோட சொந்த சரக்குக்கும் கிடையாது. பழைய 'புரொஃபைல் எஸ்' வழியா சேத்தா படம் வரும், கேமராவைத் திருப்பலாம், கோடு தாண்டற அலாரம் மாதிரி விஷயங்கள் வந்தாலும் வரும், வராட்டியும் வராது. கேமராவோட சொந்தப் பக்கத்துல போயி அந்த அலாரத்தை எழுப்பி விடணும். அந்தப் பக்கம் இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் கேக்குது. மைக்ரோசாஃப்ட் அதை 2022 ஜூன்ல மூடிட்டாங்க. எட்ஜ்ல ஐஇ மோடுன்னு ஒண்ணு இருக்கு, அதுல தொறந்தேன். டிக் போட வேண்டிய பெட்டி காலியா இருந்துச்சு. ஒரு டிக். அவ்வளவுதான் அந்த 'இல்லாத ஃபீச்சர்'. ஆடியோவும் அப்படியே. பதிவாகற ஸ்ட்ரீமை 'வீடியோ மட்டும்'னு வச்சிருந்தாங்க.

இதுவரைக்கும் சிரிச்சுக்கிட்டேதான் இருந்தேன். அப்புறம் கடிகாரத்தைப் பாத்தேன்.

என் கைக்கடிகாரத்துல 11:10. ரெக்கார்டர்ல மதியம் 1:40. சரியா ரெண்டரை மணி நேரம் முன்னாடி. பொட்டி தட்டற எவனுக்கும் இந்த வித்தியாசத்தைப் பாத்தவுடனே பொறி தட்டும். நமக்கு ஜிஎம்டி கூட்டல் ஐந்தரை, பீஜிங்குக்கு கூட்டல் எட்டு. தொழிற்சாலையிலேர்ந்து வந்த டைம்ஸோனை யாரும் மாத்தல. மாட்டின அன்னிக்குக் கையால மணி வச்சிருக்காங்க, சரியா இருந்திருக்கு. அப்புறம் யாரோ 'தானா நேரம் சரிபார்'ங்கற டிக்கைப் போட்டிருக்காங்க. அது இண்டர்நெட்ல கேட்டு, சைனா நேரத்துக்குத் தன்னைத் திருத்திக்கிச்சு.

அப்போ ஸ்க்ரீன்ல ரெண்டு மணின்னா நெசத்துல ராத்திரி பதினொன்றரை. பதினொன்றரைக்குப் பெரியவர் எங்க போயிருந்தார்? பக்கத்து கேமராவுல இருக்கு. தண்ணி லாரி வந்திருக்கு, சம்ப் மூடியைத் தொறந்து விட்டுட்டு பைப் பக்கத்துல நிக்கறார். நாமதான் அதையும் அவர் தலையில கட்டியிருந்தோம்.

ஸ்க்ரீன்ல 4:40க்கு ஓட்டினேன், அதாவது உண்மையான 2:10. பெரியவர் டார்ச்சோட பின் பிளாக்ல ரவுண்ட்ஸ் போறார். ராத்திரி ரவுண்ட்ஸ் அசோசியேஷனே போட்ட ரூல். அதே நிமிஷம் முன்னாடி கேட்ல ரெண்டு பசங்க ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டுப் போறாங்க. அந்தப் பதிவுல காலை எட்டரைக்கு விடியுது மக்களே! பன்னெண்டு நாளா ஒரு ஆளுக்கும் அது உறுத்தல. வேணும்ங்கற ரெண்டு மணி நேரத்தை மட்டும் வெட்டிப் பாத்தா எப்படி உறுத்தும்?

சரி, பசங்க மூஞ்சியாவது தெரியுதான்னு பாத்தா ரெண்டு மாவு உருண்டை. வண்டி நம்பர் ஒரு வெள்ளைக் கட்டம். 4 மெகாபிக்சல் எங்கடான்னு தேடினா, லைவ்ல பளபளன்னு இருக்கு, பதிவாகறது மட்டும் சப் ஸ்ட்ரீம். அதாவது செல்போன்ல சட்டுனு பாக்கறதுக்குன்னு கேமரா அனுப்பற சின்னப் படம், 640க்கு 360. ஏன்? இங்கதான் கணக்கு வருது, கொஞ்சம் பொறுமையா படிங்க. நல்ல படம்னா ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ்னு வைங்க. 16 கேமராவுக்கு 64. வினாடிக்கு 8 மெகாபைட். ஒரு நாளைக்குச் சுமார் 691 ஜிபி. எங்க ரெக்கார்டர்ல இருக்கறது 4 டிபி டிஸ்க். ஆறு நாள் கூடத் தாங்காது. 30 நாள் வேணும்னா கிட்டத்தட்ட 21 டிபி. ஹெச்.265 போட்டா சுமாரா பாதியாகும், அசைவு இருந்தா மட்டும் பதிவுன்னு வச்சா இன்னும் குறையும், ஆனாலும் 4 டிபி பத்தாது. மாட்டினவர் என்ன பண்ணினார்? அரை எம்பிபிஎஸ் சப் ஸ்ட்ரீமுக்கு மாத்திட்டார். நாளைக்கு 86 ஜிபி, 46 நாள் வரும். கொட்டேஷன்ல எழுதின 30 நாளுக்கு மேலயே! யாரையும் பொய்யன்னு சொல்ல முடியாது பாருங்க. (பன்னெண்டு நாள் கழிச்சும் எனக்கு அந்தப் பதிவு கிடைச்சதே இந்த மாவு உருண்டை புண்ணியத்துலதான். ஒத்துக்கறேன்.)

இதை அசோசியேஷன் மீட்டிங்ல சொன்னேன். வந்த பதில் ரெண்டு. ஒண்ணு, "எல்லாம் சைனா மால் தம்பி, அப்படித்தான் இருக்கும்." ரெண்டு, "இன்னும் எட்டு கேமரா போட்டுடலாம்."

எனக்குக் கொதிச்சது இதுக்குத்தான். சைனா மால்னு சொல்றவங்களுக்கு: கேமரா தன் வேலையை ஒழுங்கா செஞ்சுது. என்ன டைம்ஸோன் வச்சோமோ அதைக் காட்டிச்சு, எதைப் பதியச் சொன்னோமோ அதைப் பதிஞ்சுது. பாதுகாப்பு ஓட்டை ஒரு தனி விவகாரம், நெசமான விவகாரம். 2016 அக்டோபர்ல மிராய்ங்கற வைரஸ் பாஸ்வேர்டு மாத்தாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடிச்சுதான் அமெரிக்காவுல ட்விட்டர் வரைக்கும் பல தளங்களைப் படுக்க வச்சுது. அதுக்குத்தான் நம்ம மத்திய அரசும் 2025 ஏப்ரல்லேர்ந்து கேமராவுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயம் ஆக்கியிருக்கு. ரொம்ப சரி. ஆனா அந்தச் சோதனையில பாஸான கேமராவை மாட்டிட்டு சைனா நேரம் வச்சாலும் பெரியவருக்கு வேலை போகத்தான் செய்யும்.

இன்னும் எட்டு போடலாம்ங்கறவங்களுக்கு: இந்த எண்ணிக்கைப் பைத்தியம் நம்ம ஊருக்குப் புதுசு இல்ல. 2016 ஜூன்ல நுங்கம்பாக்கம் ஸ்டேஷன்ல காலங்காத்தால ஒரு ஐ.டி. பொண்ணை வெட்டிக் கொன்னப்போ ஸ்டேஷன்ல ஒரு கேமரா இல்ல. பக்கத்துக் கட்டடத்துப் பதிவை வச்சுத்தான் போலீஸ் தேட வேண்டியிருந்துச்சு. அந்த பயம் நியாயமானது. தாம்பரத்துலேர்ந்து தெனம் ரயில் ஏறின எங்க அக்காவுக்கும் இருந்துச்சு. அப்புறம் ஏ.கே.விஸ்வநாதன் சென்னை கமிஷனரா இருந்தப்போ (2017-2020) 'மூன்றாவது கண்'னு ஊர் முழுக்கக் கேமரா வந்துச்சு. தாம்பரமும் அப்போ சென்னை போலீஸ்தான், தனி கமிஷனரேட் 2022 ஜனவரியிலதான் வந்துச்சு. அந்தக் கேமராக்களால நெறைய கேஸ்ல ஆள் மாட்டினாங்க, மறுக்கல. ஆனா அதுலேர்ந்து நாம கத்துக்கிட்டது எண்ணறதை மட்டும்தான். எத்தனை போட்டோம்னு போர்டு வைக்கறோம், எத்தனை ஓடுதுன்னு யார் பாக்கறா?

கேமரா இருந்தும் பதிவு இல்லாம போனா என்ன ஆகும்னு பாக்கறதுக்கு என் ஸ்கூட்டர் கதை எல்லாம் எதுக்கு, சாத்தான்குளத்தைப் பாருங்க. 2020 ஜூன் 19 ராத்திரி ஜெயராஜும் பென்னிக்ஸும் இருந்த அந்தப் போலீஸ் ஸ்டேஷன்ல கேமரா இருந்துச்சு. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட் ஹைகோர்ட்டுக்குக் குடுத்த அறிக்கையில என்ன இருந்துச்சு? டிஸ்க்ல 1 டிபி இடம் இருந்தும், தெனம் பதிவு தானா அழியற மாதிரி செட்டிங் இருந்துச்சு, அந்த ராத்திரிப் பதிவு இல்ல. செட்டிங்! இடம் இல்லாம இல்ல, கேமரா கெட்டுப் போயி இல்ல. அதைப் படிச்சப்போ நான் காலேஜ்ல இருந்தேன். டெக்னிக்கல் ஃபால்ட்டுன்னு யாராவது சொன்னா இனிமே நம்பக் கூடாதுன்னு அன்னிக்கு நெனச்சவன்தான், வாட்ஸப்ல கட்டைவிரலைக் காட்டினேன்.

அதே 2020 டிசம்பர் 2ல சுப்ரீம் கோர்ட் போட்ட உத்தரவை நம்மாளுங்க ஒரு தடவை படிக்கணும். பரம்வீர் சிங் சைனி வழக்கு. எல்லாப் போலீஸ் ஸ்டேஷன்லயும் கேமரா, ராத்திரிப் பார்வையோட, ஆடியோவோட. 18 மாசப் பதிவு, முடியலன்னா குறைஞ்சது ஒரு வருஷம். முக்கியமா, அது ஓடுதா, பதிவாகுதான்னு பாக்கற பொறுப்பு அந்த ஸ்டேஷன் அதிகாரியோடதுன்னு ஆளைக் கை காட்டிட்டாங்க. அப்படியும் 2025 செப்டம்பர்ல, ஓடாத கேமராக்கள் பத்தி அதே கோர்ட் தானா முன்வந்து வழக்கு எடுக்க வேண்டி வந்துச்சு. கோர்ட் கை காட்டியே இந்த லட்சணம்னா, கை காட்ட ஆளே இல்லாத நம்ம அபார்ட்மெண்ட் எல்லாம் எம்மாத்திரம்?

அதனால மீட்டிங்ல நான் கேட்டது எட்டு கேமரா இல்ல. அட்மின் பாஸ்வேர்டு அசோசியேஷன் பீரோவுல இருக்கணும். இனிமே கொட்டேஷன்ல ஒவ்வொரு கேமராவுக்கும் பதிவாகற அளவு, பிட்ரேட், நாள், டிஸ்க் நாலும் எண்ணுல இருக்கணும். கேட் கேமரா ரெண்டுக்கு மட்டும் முழுப் படம், மாடிப்படிக்கு மாவு உருண்டை போதும், 4 டிபியிலயே சமாளிச்சுடலாம். மாசத்துக்கு ஒரு தடவை ராத்திரி பத்து மணிக்கு யாராவது ஒருத்தர் வண்டியைத் தள்ளிக்கிட்டு கேட்டைத் தாண்டணும், அந்தப் பதிவை பென் டிரைவ்ல எடுத்து நம்பர் படிக்க முடியுதான்னு பாக்கணும். லைவ்ல பாத்து "ஆகா"ன்னு சொன்னா கணக்குல வராது. போலீஸ்ல குடுக்கும்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63ஆம் பிரிவுல சர்டிபிகேட் வேற கேப்பாங்க. ரெண்டரை மணி நேரம் தப்பா ஓடற பெட்டிக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?

எதிர்ப்பு வந்தது எங்கேர்ந்து தெரியுமா? நம்ம இனத்துலேர்ந்து. அபார்ட்மெண்ட்ல பாதிப் பேர் சாஃப்ட்வேர். "அது ஹார்டுவேர்காரன் வேலை பாஸ், நமக்கெதுக்கு"ங்கறாங்க. ஆபீஸ்ல டெஸ்ட் ரிப்போர்ட் இல்லாம ஒரு வரி கோடை ரிலீஸ் பண்ண விடமாட்டான், வீட்டு வாசல்ல 16 கேமராவைக் கேசரி சாப்பிட்டு ரிலீஸ் பண்ணிட்டான்.

பெரியவருக்குப் போன் பண்ணினேன். இப்ப பெருங்களத்தூர்ல வேற ஒரு ஃபிளாட்ல இருக்கார். நேரம், டைம்ஸோன் எல்லாம் சொல்லிப் பாத்தேன். "அன்னிக்கே சொன்னேனே தம்பி, லாரி வந்துச்சுன்னு. டிவியில பாத்தாச்சுன்னுட்டாங்க"ன்னார். பிடிச்ச சம்பளத்தைத் திருப்பித் தரச் சொல்லி அசோசியேஷனுக்கு எழுதிக் குடுத்திருக்கேன். அடுத்த மீட்டிங்ல பேசலாம்னு செகரட்டரி சார் சொல்லியிருக்கார்.

டிஸ்கி: இன்னிக்கு ராத்திரி உங்க அபார்ட்மெண்ட் கேமரா மானிட்டர்ல மணியைப் பாத்துட்டு உங்க செல்போனோட ஒப்பிட்டுப் பாருங்க. எவ்வளவு வித்தியாசம்னு பின்னூட்டத்துல போடுங்க. ரெண்டரை மணி நேரம்னு எழுதறவங்க, உங்க வாட்ச்மேன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிட்டு வந்து எழுதுங்க.