கரண்டிக்கு எதற்குக் கைவிலங்கு?

பசித்தவருக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்பது நம் ஊர் நம்பிக்கை. அமெரிக்காவின் சில நகரங்களில் அதற்கு வழக்கே வரும். 1980-இல் மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில், அணுமின் நிலையத்தை எதிர்த்த இளைஞர்கள் தொடங்கியது 'ஃபுட் நாட் பாம்ஸ்' இயக்கம். குண்டுக்குக் கொட்டும் பணத்தைச் சோற்றுக்குக் கொடு என்பதே கோரிக்கை. இயக்கத்துக்குத் தலைவர் கிடையாது. கடைகளில் விற்காமல் மிஞ்சும் காய்கறியையும் ரொட்டியையும் வாங்கி வந்து, சைவமாகச் சமைத்து, பொது இடத்தில் யார் வந்தாலும் பரிமாறுகிறார்கள். உயிர்க்கொலை கூடாது என்ற கொள்கையோடு, இறைச்சியைவிடக் கெட்டுப்போகும் ஆபத்து குறைவு என்ற கணக்கும் இதில் உண்டு.

1988-இல் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில், அனுமதி இல்லை என்று தொண்டர்களைப் போலீஸ் கைது செய்தது. 2023-இல் ஹூஸ்டனில் அபராதச் சீட்டுகள் பறந்தன. சுகாதாரம் முக்கியம்தான், அதற்கு உணவைச் சோதிக்கலாமே, கைவிலங்கு எதற்கு? உண்மையில் அதிகாரிகளை உறுத்துவது, பசி ஊர் நடுவே வரிசையில் நிற்பதுதான். மண்டபத்துக்குள் போட்டால் தர்மம் என்று பாராட்டுவார்கள்; போர் எதிர்ப்புப் பதாகையின் கீழ் போட்டால் அரசியல் என்று விரட்டுவார்கள். ஆமாம், அரசியல்தான். ஃபோர்ட் லாடர்டேல் நகர வழக்கில், இக்குழு பூங்காவில் உணவைப் பகிர்வது அரசியல் சட்டம் காக்கும் கருத்து வெளிப்பாடே என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மற்ற நகராட்சிகளும் அதைப் படித்துவிட்டு வழிவிடட்டும்.