நீராடத் தகுந்த நீர்

திருக்கடையூர் அமிர்தகடேசுவரப் பெருமானின் அபிஷேகத்துக்குரிய நீர், அருகிலுள்ள திருமெய்ஞானம் எனும் திருக்கடவூர் மயானத்துத் தீர்த்தக் கிணற்றிலிருந்து கொண்டுவரப்படுகிறது. மார்க்கண்டேயருக்காகக் கங்கையே அங்கு எழுந்தருளினாள் என்பது தலவரலாறு. அந்நீர் பெருமானுக்கே உரியது. பங்குனி அசுவினித் திருநாளன்றி அன்பர்கள் அதில் நீராடும் வழக்கமில்லை. ஒரு கிணற்றைக் காக்க முன்னோர் வகுத்த நியதி அது.

அக்கிணற்றுக்குள்ள காவல் காவிரிக்கு வாய்க்கவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018-இல் மாசடைந்தவை என அறிவித்த 351 ஆற்றுப்பகுதிகளுள், மேட்டூர் முதல் மயிலாடுதுறை வரையிலான காவிரியும் ஒன்று. துலாக் கட்டம் அமைந்த ஊர் வரை என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது. தேசிய நதிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ்க் கும்பகோணம், மயிலாடுதுறை உள்ளிட்ட ஊர்களில் கழிவுநீர்த் திட்டங்கள் முன்பே மேற்கொள்ளப்பட்டும் இந்நிலை.

ஆறு தேறியதா என்று எவ்வாறு முடிவு செய்கிறார்கள்? வாரியம் கைக்கொள்ளும் அளவுகோல் அன்பர்கள் கேட்கும் கேள்வியேதான்: இந்நீர் நீராடத் தகுந்ததா? ஒரு லிட்டர் நீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் பிராணவாயு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீரில் கரைந்துள்ள பிராணவாயு 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. மலக்கிருமிகள் 100 மில்லி லிட்டரில் 500-க்குள் இருத்தல் நலம். 2,500-ஐத் தாண்டவே கூடாது. ஆயினும் மாசடைந்த பகுதிகளின் பட்டியல் முதல் அளவை மட்டுமே கொண்டு தயாராகிறது. மூழ்கி எழும் முதியோருக்குத் தீங்கு செய்வது கிருமிகள் அல்லவா?

எப்போது அளப்பது என்பதும் முக்கியம். வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடப்படும். ஐப்பசி துலா ஸ்நானத்தின்போது நீர் ஓடுவதால் அழுக்கு கரைந்து, அளவு நன்றாகவே வரக்கூடும். பங்குனி, சித்திரையில் மணலிடையே தேங்கும் கழிவை அளந்தாலன்றி உண்மை தெரியாது.

கங்கை 2008-இல் தேசிய நதியாக அறிவிக்கப்பட்டாள். எக்காலத்தும் இவ்வளவு நீராவது ஓடவேண்டும் என்று 2018-இல் மத்திய அரசு அவளது மேற்பகுதிக்கு விதி வகுத்தது. காவிரிக்கும் அத்தகைய விதி வேண்டும். தூய்மைப்படுத்திய ஆற்றில் ஓட நீரில்லையேல் அளப்பதற்கு என்ன இருக்கிறது? ஐப்பசியில் தன் பாவம் கழுவக் கங்கை இறங்குவதாக நம்புவது இந்தக் காவிரியில்தான்.