பெண்ணின் இலக்கத்தில் ஐந்நூறு

சகோதரிகளே, உங்கள் அடையாள அட்டையைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

பழைய அட்டையாயின் ஒன்பது இலக்கங்களும் இறுதியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும். முதல் இரண்டும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும், அவ்வாண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தீர்கள் என்பது. பெண்களுக்கு மட்டும் அந்நாளுடன் 500 கூட்டப்படும். 1985 ஜனவரி 10இல் பிறந்த ஆணுக்கு 85010 என்று தொடங்குவது, அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 85510 என்று தொடங்கும். 2016 முதல் ஆட்பதிவுத் திணைக்களம் வழங்கும் புதிய இலக்கத்தில் எழுத்து இல்லை. ஆண்டு முழுமையாக வந்து மொத்தம் 12 இலக்கங்கள். அந்த 500 மட்டும் அப்படியே இருக்கிறது.

இதை ஏன் சொல்ல வந்தேன்? பாலையூற்றில் என்னிடம் ஓதிய மாணவர் ஒருவர், பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு பிஎச்பி என்னும் கணினி மொழியில் இணைய விண்ணப்பப் படிவம் ஒன்று செய்தார். வாப்பாமாரின் இலக்கங்கள் ஏற்கப்பட்டன. உம்மாமார் நிரப்பினால் 'தவறான இலக்கம்' என்று சிவப்பில் வந்தது. கணவரை இழந்த ஒரு தாய் மூன்று முறை முயன்றுவிட்டு, "என்ட அட்டதான் பிழையோ மௌலவி?" என்று அட்டையோடு வந்து நின்றார்.

அட்டையில் பிழையில்லை. ஆண்டுக்கு 366 நாட்களுக்கு மேல் ஏது என்று அந்தப் பிள்ளை வரம்பு கட்டியிருந்தார். 501 முதல் 866 வரையும் ஏற்கும்படி திருத்தியதும் வழி திறந்தது.

பெயரிலும் இப்படித்தான். ஃபாத்திமா என்பது நம் எண்ணிக்கையில் ஐந்தெழுத்து. பிஎச்பியின் 'எஸ்டிஆர்லென்' என்ற அளவுகோலோ எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணி 27 என்கிறது! பெயருக்கு 20 என்று எல்லை வைத்தால் ஃபாத்திமாவுக்கு இடமில்லை. 'கிராஃபீம்_எஸ்டிஆர்லென்' என்பதுதான் நம்மைப் போல் ஐந்து என்று எண்ணும்.

சோதனையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உலாவியில் வைக்கும் சோதனையை விரும்பியவர் தாண்டிப் போகலாம். ஆகவே வழங்கி இயந்திரத்திலும் சோதித்தேயாக வேண்டும். ஆனால் சின்ன 'வி' அடித்தாலோ இடைவெளி விழுந்தாலோ படிவமே திருத்திக்கொள்ளட்டும். மறுப்பதென்றால் எந்தக் கட்டத்தில் என்ன குறை என்று தமிழில் சொல்லட்டும். நிரப்பிய மற்றவற்றை அழித்துவிட வேண்டாம். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியவருக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

அந்த மாணவர் இப்போது புதிய படிவம் செய்தால், முதலில் தன் உம்மாவின் அட்டையைக் கேட்டு வாங்குகிறாராம்.