மூன்று குஞ்சு, ஒரு அட்டை: தரம் 7இன் கடல் விளையாட்டைப் பற்றிப் பெற்றோருடன் கொஞ்சம் பேச வேண்டும்



"இதெல்லாம் பிள்ளைகளுக்குத் தேவையா சேர்?" இந்த மாதம் பாடசாலை வாசலிலும் சந்தையிலும் நாம் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். தரம் 7 மாணவர்கள் வாரத்தில் ஒரு பாடவேளை விளையாடும் கடல் உயிரி விளையாட்டைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் அடுத்த கூட்டத்திலும் இது பேசப்படவிருக்கிறது. அந்த நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுக்கலாமே என்பது சிலரின் கருத்து. மார்க்கத்துக்கு முரணான ஏதோ ஒன்று உள்ளே வருகிறதோ என்ற பயமும் சிலருக்கு இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னரே எமது நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறோம்: இந்த விளையாட்டு தேவை, அதை நிறுத்தக் கூடாது. ஏன் என்பதை முழுமையாக வாசித்துவிட்டு நீங்கள் முடிவெடுங்கள்.

முதலில் விளையாட்டு என்னவென்று சொல்கிறோம். பலர் பார்க்காமலேதான் பேசுகிறார்கள்.

ஆறு பிள்ளைகள் ஒரு குழு. விரல் நீளத்தில் ஒரு சாதாரண உயிரியுடன் விளையாட்டு தொடங்கும். இரண்டு கண், ஒரு வாய், ஒரு வால், அவ்வளவுதான். அப்படி ஒரு மீன் எங்கும் இல்லை, கற்பனைதான். முதல் பிள்ளை அதற்கு மூன்று குஞ்சுகள் வரைய வேண்டும. மூன்றும் தாயைப் போலத்தான் இருக்க வேண்டும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சிறிய வித்தியாசம் இருக்க வேண்டும். ஒன்றுக்கு வால் கொஞ்சம் நீளம், ஒன்றுக்குத் தோல் கொஞ்சம் தடிப்பு, ஒன்றுக்குக் கண் கொஞ்சம் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றையும் வரைந்து முடித்த பின்னர்தான் கவிழ்த்து வைத்திருக்கும் அட்டைகளில் ஒன்றைத் திறக்கலாம். "வெளிச்சம் இல்லாத ஆழம்." "உணவு ஓட்டுக்குள் இருக்கிறது." "பெரிய வாய்க்காரன் வந்துவிட்டான்." "முகத்துவாரம் வெட்டியாகிவிட்டது, களப்பில் உப்புக் கூடுகிறது." இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். இந்தக் கடலில் மூன்று குஞ்சுகளில் எது தப்பும் என்று குழு வாதாட வேண்டும். காரணத்தை ஒரு வசனத்தில் எழுத வேண்டும். தப்பாத இரண்டும் "போனவர்கள்" என்ற தாளுக்குப் போய்விடும். தப்பியது அடுத்த பிள்ளையின் கைக்குப் போகும். அவர் அதற்கு மூன்று குஞ்சுகள் வரைவார். இப்படிப் பத்துச் சுற்று. முன்னால் வரைந்தவர் கொடுத்ததை அழிக்க முடியாது. அதை வைத்துக்கொண்டுதான் அடுத்தவர் தொடர வேண்டும்.

ஒரு தாளைப் பலர் கைமாற்றி வரைவது புதிய விடயமல்ல. 1925 அளவில் பாரிஸில் சில கவிஞர்களும் ஓவியர்களும் தாளை மடித்து மடித்து, முன்னவர் வரைந்தது தெரியாமல் ஒரே உருவத்தைச் சேர்ந்து வரைந்து விளையாடினார்கள். அங்கே வேடிக்கைதான் நோக்கம். எமது வகுப்பில் காரணம் சொல்லாமல் ஒரு கோடு கூட அடுத்த கைக்குப் போகாது.

குஞ்சுகளை முதலில் வரைந்து, அட்டையைப் பிறகு திறப்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். அட்டையை முதலில் காட்டினால் எல்லாப் பிள்ளைகளும் அதற்கேற்ற உடம்பைத்தான் வரைவார்கள். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால்தான் கழுத்து நீண்டது என்று பெரியவர்களே நினைப்பதுண்டு. உயிரியல் அப்படிச் சொல்லவில்லை. ஒரே தாயின் குஞ்சுகள் ஒன்றுக்கொன்று சிறிதளவு வித்தியாசமாகவே பிறக்கின்றன. எந்தக் கடலுக்கு எந்த வித்தியாசம் உதவும் என்பது பிறக்கும்போது அவற்றுக்குத் தெரியாது. உதவியது தப்பிக் குஞ்சு பொரிக்கும். மற்றது குறைந்துகொண்டே போகும். தலைமுறை தலைமுறையாக இது நடப்பதைத்தான் உயர்தர உயிரியலில் "கூர்ப்பு" என்று படிக்கிறார்கள். அந்தப் பாடத்தை மனப்பாடம் செய்து எழுதும் பெரிய மாணவர்களிடமும் இந்த இடத்தில் தடுமாற்றத்தைப் பார்க்கிறோம். தரம் 7 பிள்ளைகள் மூன்று குஞ்சு, ஒரு அட்டை என்று விளையாட்டிலேயே விளங்கிக்கொண்டார்கள்.

இனி வகுப்பில் நாம் கண்டதைச் சொல்கிறோம்.

ஒரு குழுவில் "பெரிய வாய்க்காரன்" அட்டை வந்தது. மூன்று குஞ்சுகளில் ஒன்று வேகமாக நீந்தும், ஒன்று மணல் நிறம், மற்றது வயிறு கொஞ்சம் ஊதும். வேகமானதுதான் தப்பும் என்று வகுப்பில் முதலாம், இரண்டாம் இடம் எடுக்கும் பிள்ளைகள் சொன்னார்கள். எப்போதும் பின்வரிசையில் பேசாமல் இருக்கும் ஒரு பிள்ளை மட்டும் மறுத்தார். அவருடைய வாப்பா கரைவலைக்குப் போகிறவர். "பேத்தை மெதுவாத்தான் நீந்தும். பெரிய மீன் வந்தா ஊதிக்கும், விழுங்க ஏலாது. வலைக்குள்ள அது பந்து மாதிரிக் கிடக்கும், நான் கண்டிருக்கன்" என்றார். குழு முழுவதும் அவர் பக்கம் வந்துவிட்டது. பரீட்சைத் தாளில் புள்ளி கிடைக்காத ஓர் அறிவு இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்த அறிவுக்கு வகுப்பறையில் முதல் தடவையாக ஒரு மரியாதை கிடைத்ததை அன்று பார்த்தோம்.

இன்னொரு குழு மணல் தரையில் தட்டையாகப் படுத்துக் கிடக்கும் ஓர் உயிரியை உருவாக்கியது. பல சுற்றுகளில் ஒரு கண் கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கத்துக்கு நகர்ந்து, கடைசியில் இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில் வந்துவிட்டன. பக்கத்துக் குழு சிரித்தது. அடுத்த வாரம் சந்தையிலிருந்து ஒரு நாக்கு மீனை வாங்கி வந்து மேசையில் வைத்தோம். இரண்டு கண்ணும் ஒரே பக்கம்! அந்த மீன் குஞ்சாக இருக்கும்போது பக்கத்துக்கு ஒரு கண்தான், வளரும்போதுதான் ஒரு கண் மறுபக்கத்துக்கு நகர்கிறது என்று சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் மீன் ஆக்கும் பிள்ளைகள், அன்றுதான் அந்த மீனின் முகத்தைப் பார்த்தார்கள்.

இப்போது மூன்று ஆட்சேபங்களுக்கு வருகிறோம்.

முதலாவது, நேரம். பரீட்சையைக் குறை சொல்ல நாம் வரவில்லை. எமது பிள்ளைகளுக்கு மேலே போக அதுதான் ஏணி என்பது எமக்கும் தெரியும். ஆனால் தரம் 5 புலமைப்பரிசிலுக்காக இரண்டு, மூன்று வருடம் வினாத்தாள் செய்து வரும் பிள்ளைகளைத் தரம் 6இல் நாம்தான் சந்திக்கிறோம். விடை கேட்டால் உடனே தருவார்கள். "ஏன்?" என்று கேட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்ப்பார்கள். இந்த விளையாட்டில் முகத்தைப் பார்த்து விடை எடுக்க முடியாது. காரணத்தைத் தானே கண்டுபிடித்து, ஐந்து பேருக்கு முன்னால் சொல்லி, ஒரு வசனத்தில் எழுத வேண்டும். கட்டமைப்பு வினாக்களில் புள்ளி குறைகிறது என்று கவலைப்படும் பெற்றோர்களே, அந்த ஒரு வசனம்தான் அதற்கான பயிற்சி. டியூஷனில் அது கிடைப்பது அரிது.

இரண்டாவது, மார்க்கம். இதை நாம் இலேசாக எடுக்கவில்லை. விளையாட்டில் மனிதன் இல்லை, குரங்கும் இல்லை. கடல் உயிரி மட்டும்தான். மனிதப் படைப்புப் பற்றிய கேள்விகளுக்கு உலமாக்கள் இருக்கிறார்கள். பிள்ளை கேட்டால் அவர்களிடமே அனுப்புவோம். அதே நேரம், உயிரினங்களை உற்றுப் பார்ப்பது எமக்கு அந்நியமான வேலையும் அல்ல. 9ஆம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல்-ஜாஹிஸ், விலங்குகளைப் பற்றி மட்டும் பல பாகங்களில் "கிதாபுல் ஹயவான்" எழுதினார்.

இன்றைய காலத்துக்கு வந்தால், எகிப்தின் பையூம் பாலைவனத்தில் "வாதி அல்-ஹீதான்" என்று ஓர் இடம் இருக்கிறது. திமிங்கிலப் பள்ளத்தாக்கு என்று பொருள். ஒரு காலத்தில் கடலாக இருந்த அந்த மணலில், சுமார் 4 கோடி வருடங்களுக்கு முந்திய திமிங்கில எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. அவற்றில் சிறிய பின்னங்கால்களும் இருக்கின்றன. 2005இல் அது உலக மரபுரிமைத் தலமானது. 2021இல், அதே பையூம் பகுதியில் கிடைத்த, சுமார் 4 கோடி 30 இலட்சம் வருடங்களுக்கு முந்திய நான்கு கால் திமிங்கிலமொன்றை எகிப்தின் மன்சூறா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உலகுக்கு அறிவித்தார்கள். திருகோணமலைக் கடலில் நாம் பார்க்கும் திமிங்கிலம் மீனைப் போலப் பக்கவாட்டில் வாலை அசைப்பதில்லை, மேலும் கீழுமாக அசைக்கிறது. மேலே வந்து மூச்சு விடுகிறது. அதன் துடுப்புக்குள் கை எலும்புகள் இருக்கின்றன. இவை கண்ணால் காணக்கூடியவை. டாக்டராக வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படும் அதே பிள்ளை, உயர்தரத்தில் கூர்ப்பைப் படித்தே ஆக வேண்டும். பயத்தோடு மனப்பாடம் செய்வதைவிட விளங்கிக்கொண்டு, கேட்க வேண்டியதைப் பெரியவர்களிடம் கேட்டுப் படிப்பது நல்லது.

மூன்றாவது, உயிருள்ளவற்றை வரைவது. சில வீடுகளில் இதை விரும்புவதில்லை. அந்த வீட்டின் முடிவை நாம் மதிக்கிறோம். அந்தப் பிள்ளைகள் உருவம் வரையத் தேவையில்லை. அட்டையைத் திறப்பது, காரணம் எழுதுவது, "போனவர்கள்" தாளைப் பராமரிப்பது எல்லாம் வரைவதற்குச் சமமான வேலைகள். குஞ்சின் வித்தியாசத்தை வசனத்தில் எழுதிக் கொடுத்தும் விளையாடலாம். உங்கள் விருப்பத்தை ஒரு துண்டில் எழுதி அனுப்பினால் போதும், காரணம் கேட்க மாட்டோம்.

கடைசியாக ஒரு விடயம். நாம் இதை எழுதியதற்கு உண்மையான காரணமும் இதுதான்.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பிடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஆயிரம் தொன்னுக்கும் அதிகமான பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. மேற்குக் கரையில் மணலும் மணியும் கலந்து கிடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அதை வைத்துப் பிள்ளைகளே ஓர் அட்டை செய்தார்கள்: "கடல் முழுக்கப் பிளாஸ்டிக் மணி." அந்த அட்டை வந்தபோது எந்தக் குழுவாலும் தப்பும் குஞ்சைக் காட்ட முடியவில்லை. வாய் சிறியது தப்புமா? மணி அதைவிடச் சிறியது. தோல் தடித்தது தப்புமா? பிரச்சினை வயிற்றுக்குள். இன்னும் பத்துச் சுற்றுக் கொடுங்கள், ஏதாவது ஒன்று தப்பும் என்று ஒரு மாணவி கேட்டார். அவர் கேட்டது சரியான கேள்வி. கடல் உயிரிகள் மாறுவதற்குப் பல தலைமுறைகள் எடுக்கும். நாம் கடலை ஒரே வாரத்தில் மாற்றிவிடுகிறோம். 1998இலும் 2016இலும் கடல் சூடாகி எமது நாட்டின் முருகைக் கற்பாறைகள் வெளிறிப்போனபோதும் அவற்றுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை.

அன்று மூன்று குஞ்சுகளும் "போனவர்கள்" தாளுக்குப் போயின. அந்தத் தாளைப் பிள்ளைகள் வகுப்பறைச் சுவரில் ஒட்டினார்கள். அடுத்த நாள் சிற்றுண்டிப் பையைக் கானுக்குள் வீசப்போன ஒருவரை மற்றவர்கள் தடுத்ததைக் கண்டோம். அது எத்தனை நாளைக்கு நீடிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஒலுவில் கரையைக் கடல் அரித்ததைப் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். கடலை நம்பி வாழும் ஊர் எமது ஊர். நாளைக்கு இந்தக் கடலைப் பற்றி யாராவது முடிவெடுக்கும்போது, "எது தப்பும், ஏன்?" என்று எழுந்து கேட்கக்கூடிய ஆட்கள் எமக்குள் இருக்க வேண்டாமா?

எனவே எமது வேண்டுகோள் மூன்று. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு வாருங்கள். எதிர்ப்பவர்களும் அவசியம் வாருங்கள், வருவதற்கு முன் தரம் 7 வகுப்பறைச் சுவரை ஒரு தடவை பாருங்கள். இரண்டாவது, கடலுக்குப் போகும் காக்காமார் மாதத்தில் ஒரு நாள் வந்து பிள்ளைகளிடம் பேசுங்கள். வலையில் வரும் விசித்திரமான மீன் எதுவானாலும் வீசிவிடாமல் எமக்குக் கொடுங்கள். மூன்றாவது, கடை, அலுவலகம் வைத்திருப்பவர்கள் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கும் தாள்களைச் சேர்த்து வையுங்கள். மாணவர்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு தாள் முடிகிறது, கொப்பி வாங்கிக் கொடுக்க எல்லா வீட்டாலும் முடியாது.