யாரும் பார்க்காத புல்வெளியில் ஒரு தங்கம்

2022 ஆகஸ்ட் 2, மாலை நேரம். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரு மளிகைக் கடையின் முன் பொட்டலத்துக்காகக் காத்திருந்தபோது, கடைக்காரரின் கைபேசியில் ஓர் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. நான்கு இந்தியப் பெண்கள் பச்சைப் புல்வெளியில் குனிந்து பந்துகளை உருட்டிக்கொண்டிருந்தனர். அருகில் நின்ற முதியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம பெத்தாங்க் மாதிரி இருக்கே!" என்றார். பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் பெறும் ‘சொல்தா’ குடும்பங்கள் வாழும் ஊரில் அப்படித் தோன்றுவது இயல்புதான்.

அது பெத்தாங்க் அல்ல, லான் பவுல்ஸ். பர்மிங்காம் காமன்வெல்த் போட்டிகளில் நால்வர் அணிக்கான மகளிர் இறுதி ஆட்டம். இந்தியா 8-2 என முன்னிலை பெற்றது. தென்னாப்பிரிக்கா விடாமல் துரத்தி 10-8 என முந்தியது. அதன்பின் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் 17-10 என்ற கணக்கில் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மணி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி ஆகிய நால்வரும் தங்கம் வென்றனர். காமன்வெல்த் போட்டிகளில் 1930 முதலே, 1966 நீங்கலாக, இடம்பெற்றுவரும் இந்த ஆட்டத்தில் இந்தியா வென்ற முதல் பதக்கம் அது. சில நாட்களில் ஆடவர் நால்வர் அணியும் வெள்ளி வென்றது. மறுநாள் காலை வரை நாடே கேட்ட கேள்வி ஒன்றுதான்: யார் இவர்கள்?

நால்வருமே முப்பது வயதைக் கடந்தவர்கள். அசாமைச் சேர்ந்த நயன்மணி சைக்கியா பளுதூக்கும் வீராங்கனையாகத் தொடங்கியவர். காலில் ஏற்பட்ட காயம் அந்தப் பாதையை அடைத்தது. 2008 வாக்கில் லான் பவுல்ஸுக்கு வந்தார். 2011 ராஞ்சி தேசிய விளையாட்டுப் போட்டிகளில் இரண்டு தங்கம் வென்றார். பர்மிங்காம் வெற்றி வந்தபோது, இந்த ஆட்டத்தில் அவருக்குப் பதினான்கு ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. அந்த ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது. வயிற்றுப்பாட்டுக்கு அவர் நம்பியிருந்தது அசாம் வனத்துறை வேலையை. லவ்லி சௌபே தடகளத்திலிருந்து வந்தவர், ஜார்க்கண்ட் காவல்துறையில் காவலர். ரூபா ராணி கபடி ஆடியவர், ஜார்க்கண்டில் மாவட்ட விளையாட்டு அலுவலர். பிங்கி டெல்லியில் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. வேறொரு ஆட்டத்தில் கதவு மூடியபின், மாதச் சம்பளம் தரும் வேலை ஒன்றைப் பற்றிக்கொண்டு, விடுப்பு நாட்களைக் கணக்கிட்டுப் பயிற்சி செய்தவர்களின் கதைதான் இந்தியாவில் ஒரு லான் பவுல்ஸ் சாம்பியனின் விளையாட்டு வாழ்க்கை.

இவர்களின் ஊர்களை ஒருமுறை கவனித்தால் இன்னொன்றும் புலப்படும். அசாம், ஜார்க்கண்ட், டெல்லி. வெள்ளி வென்ற ஆடவர் நால்வரும் ஜார்க்கண்ட், டெல்லியைச் சேர்ந்தவர்களே. இது தற்செயல் அல்ல. தேசிய விளையாட்டுப் போட்டிகளை 2007-இல் குவாஹாட்டியும் 2011-இல் ராஞ்சியும் நடத்தின; 2010-இல் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. இந்தப் போட்டிகளுக்காகத்தான் அங்கெல்லாம் லான் பவுல்ஸ் களங்கள் அமைந்தன. களம் இருந்த இடத்தில் ஆட்டம் வேரூன்றியது. பதக்கத்தின் வரைபடமும் களத்தின் வரைபடமும் ஏறக்குறைய ஒன்றே. தமிழ்நாடும் புதுச்சேரியும் இந்த வரைபடத்தில் இல்லை என்றால், அதற்குக் காரணம் திறமைக் குறைவு அல்ல.

பெரிய மார்க்கெட் முதியவரின் வியப்புக்கு இங்கேதான் பொருள் இருக்கிறது. பெத்தாங்க் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென் பிரான்சின் லா சியோதா ஊரில் பிறந்தது. முடக்குவாதத்தால் ஓடி வந்து எறிய முடியாத ஓர் ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியும்படி விதியை மாற்றினார்கள் என்பது வரலாறு. 650 முதல் 800 கிராம் எடையுள்ள உலோக உருண்டைகளை, ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறு மரக்குண்டை நோக்கி வீச வேண்டும். சரளை மண் போதும். காலியிடம் ஒன்றும் சில உருண்டைகளும் இருந்தால் ஆட்டம் தொடங்கிவிடும். பிரெஞ்சுக்காரர்கள் போனபின்னும் புதுச்சேரியில் இது நிலைத்ததற்கு இந்த எளிமையே காரணம். லான் பவுல்ஸ் பந்தோ ஒன்றரைக் கிலோவை எட்டக்கூடியது. அதன் வடிவமே ஒருபுறம் சாய்ந்தது. நேராக உருட்டினாலும் வேகம் குறையக் குறைய வளைந்துதான் போகும். இலக்கு குறைந்தது 23 மீட்டர் தொலைவில் இருக்கும். தரை மேசைபோலச் சமமாக வேண்டும். புல்லை நாள்தோறும் கத்தரித்துப் பேண வேண்டும். கண்ணும் கையும் செய்யும் கணக்கு இரண்டு ஆட்டத்திலும் உடன்பிறப்புகள்தாம். கோலிக்குண்டு ஆடி வளர்ந்த எவருக்கும் அந்தக் கணக்கு அந்நியமல்ல. தரை மட்டும் வேறு.

பெத்தாங்க் ஆடும் கைக்கு இங்கே பெரிய மேடை இல்லை. ஒலிம்பிக்கில் அது கிடையாது. சொந்த மண்ணில் நடந்த 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சேர்க்க பிரான்ஸ் தரப்பில் நடந்த முயற்சியும் பலிக்கவில்லை. தாய்லாந்து, லாவோஸ் நாட்டவருக்குத் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இருக்கின்றன. நமக்கு அதுவும் இல்லை. லான் பவுல்ஸின் நிலைமை வேறு. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பட்டியலைப் பத்து விளையாட்டுகளாகச் சுருக்கியபோது ஹாக்கி, மல்யுத்தம், பாட்மிண்டன், கிரிக்கெட் எல்லாம் வெளியேறின. இந்தியாவில் கூக்குரல் எழுந்தது, நியாயமான கூக்குரல்தான். ஆனால், வெட்டுக்குத் தப்பிய பத்தில் லான் பவுல்ஸும் ஒன்று என்பதையும், அதில் நாம் தங்கம் வென்றவர்கள் என்பதையும் பேசியவர்கள் சிலரே.

2030 போட்டிகளை நடத்தும் உரிமை 2025 நவம்பரில் அகமதாபாதுக்குக் கிடைத்திருக்கிறது. அங்கும் லான் பவுல்ஸ் உண்டு. அதற்கான களம் குஜராத்தில் அமையும். அந்தக் களத்தில் ஆடப்போகிறவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் இப்போது கேட்கவேண்டிய கேள்வி. மத்திய அரசின் உயர்நிலைப் பயிற்சி உதவித் திட்டம், பெயருக்கேற்ப ஒலிம்பிக் மேடையையே குறிவைக்கிறது. ஒலிம்பிக்கில் இல்லாத ஆட்டம் அங்கே இயல்பாகவே பின்வரிசைக்குப் போகிறது. மீதமிருப்பது மாநில அரசுகள் தரும் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. ஒரு காவலர் பணியும் ஒரு வனத்துறைப் பணியும் இல்லாமல் 2022-இன் தங்கம் இல்லை.

புதுச்சேரி இடநெருக்கடி மிக்க ஊர். பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டும் திட்டத்தில் ஒவ்வொரு அடிக்கும் வணிகர்கள் போராடியதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஊருக்குள் ஒரு புல்வெளி கேட்பது பேராசையாகப் படலாம். எனினும் லான் பவுல்ஸ் களத்துக்கு வேண்டியது ஏறக்குறைய நாற்பது மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். கால்பந்துத் திடலில் பாதிகூட இல்லை. புல்லைப் பேண முடியாத இடங்களில் செயற்கை விரிப்பிலும் ஆடுகிறார்கள். ஊருக்குச் சற்று வெளியே, ஏதேனும் ஒரு கல்லூரி வளாகத்தில் அப்படி ஒரு சதுரம் கிடைக்காதா? 2030-க்கு நான்கைந்து ஆண்டுகளே இருக்கின்றன. நயன்மணிக்குப் பதினான்கு ஆண்டுகள் தேவைப்பட்டன.