ஆரத்தித் தட்டில் விழும் 500 ரூபாய்: அன்பா, லஞ்சமா, ரீல்ஸா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் விடுகிற நேரம். டீக்கடையில் நல்ல கூட்டம். தேர்தல் சமயம் என்றால் அங்கே ஒரு வேட்பாளர் வந்து நிற்பார். தமிழில் வணக்கம், தெலுங்கில் நலம் விசாரிப்பு, கன்னடத்தில் ‘ஊட்ட ஆய்தா?’. ஒரு கிளாஸ் டீ குடித்துவிட்டு 500 ரூபாய்த் தாளை நீட்டி, “மீதிய வெச்சுக்கோங்கம்மா” என்பார். பக்கத்தில் போன் கேமரா ஓடிக்கொண்டிருக்கும். சாயங்காலத்துக்குள் அது ரீல்ஸ். நாமும் ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவோம்.

டீ குடித்தவர் கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன தப்பு? மற்ற நாளில் ஒன்றுமில்லை. கொடுப்பவர் வேட்பாளர், வாங்குபவர் வாக்காளர் என்று ஆகும்போதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓட்டுப் போடத் தூண்டும் நோக்கத்தோடு வேட்பாளரோ அவருடைய ஏஜென்ட்டோ எதைக் கொடுத்தாலும் அது லஞ்சம் என்கிறது 1951-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(1) பிரிவு. நிரூபணமானால் வெற்றியே செல்லாமல் போகலாம். இது தவிர கிரிமினல் வழக்கு தனி. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 171பி, 171இ பிரிவுகள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173. ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம், இல்லையென்றால் இரண்டும். சாப்பாடு, டீ என்று வாங்கிக்கொடுத்து ஓட்டுக் கேட்டால் அபராதம் மட்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது: அந்தப் பணத்தை வாங்குகிறவரும் குற்றவாளிதான்.

எல்லாமே ‘நோக்கம்’ என்கிற ஒரு சொல்லில் தொங்குகிறது. ஆரத்தி எடுத்தால் தட்டில் காசு போடுவது நம்ம ஊர் வழக்கம். அதற்குள் ஓட்டு இருந்ததா, மரியாதை இருந்ததா என்று எந்த அதிகாரி அளந்து பார்ப்பது?

2024 மக்களவைத் தேர்தலில் கோவையில் இதுதான் நடந்தது. ஆரத்தி எடுத்த பெண்ணுக்கு பா.ஜ.க. வேட்பாளர் அண்ணாமலை பணம் கொடுப்பதாக ஒரு வீடியோ பரவியது, விசாரணை என்றார்கள். அது 2023 ஜூலையில், தன் நடைப்பயணத்தின்போது எடுத்தது என்றார் அவர். வேட்பாளர் ஆவதற்கு முந்தைய தேதி என்றால் அது ஒரு சாதாரணக் காட்சி. மனுத் தாக்கலுக்குப் பிறகு என்றால் அதே காட்சி லஞ்சப் புகார். தேதியைத் தவிர வேறு எதுவும் மாறுவதில்லை!

எல்லையில் நிற்கிறவர்களுக்கு இது இன்னும் விநோதமாகத் தெரியும். தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும் ஜூஜூவாடி பக்கம் வண்டிகளை நிறுத்திச் சோதிப்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் கையில் இருந்தால் ஆவணம் காட்ட வேண்டும். பெங்களூருவில் ரோஜாப்பூ விற்ற காசோடு திரும்புகிற விவசாயிக்கு பில் இருக்கிறதா என்ற கேள்வி வரும். தட்டில் விழுகிற 500 ரூபாய்க்கு யார் பில் கேட்கிறார்கள்?

மழைக்கோட்டும் ரிக்‌ஷாவும்

சட்டத்தை விடுங்கள். சின்ன உதவி இமேஜாக மாறுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1960-களில் சென்னை ரிக்‌ஷா தொழிலாளர்களுக்கு எம்.ஜி.ஆர். மழைக்கோட்டு கொடுத்தார். 1971-ல் ‘ரிக்‌ஷாக்காரன்’ படமும் வந்தது. இன்றுவரை அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுகிறோம். 1973-ல், மனிதனை மனிதன் இழுக்கிற கைரிக்‌ஷாவையே ஒழித்து சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தது கருணாநிதி அரசு. இழுக்கிறவரின் உடம்புக்கு எது பெரிய மாற்றம் என்று சொல்லவே வேண்டாம். ஆனால், நண்பர்கள் நாலு பேரிடம் கேட்டுப் பாருங்கள், முதலில் ஞாபகம் வருவது கோட்டாகத்தான் இருக்கும். கொடுக்கிற கை ஒரு படம். அரசாணையைப் படம் எடுக்க முடியாதே.

அந்தக் கோட்டைப் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. நனைகிறவனுக்கு அது தேவைதான்.

இன்றைய ரிக்‌ஷாக்காரர் டெலிவரி பையோடு பைக்கில் போகிறார். 2023 மே 7, கர்நாடகத் தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு, பெங்களூருவில் ஒரு டெலிவரி ஊழியரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனார் ராகுல் காந்தி. டெலிவரி ஊழியர்களோடு ஏர்லைன்ஸ் ஹோட்டலில் மசால் தோசை, காபி. படம் வைரல். அப்போது ‘எல்லாம் ஷோ’ என்று எழுதியவர்களும் உண்டு. ஷோதான், சந்தேகமில்லை. ஆனால் அதே கட்சியின் ஆட்சியில் 2025-ல் கர்நாடகம் கிக் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு வேலைக்கும் ஊழியருக்குத் தரும் தொகையில் 1 முதல் 5 சதவீதம் வரை நிறுவனம் நலநிதிக்குக் கட்ட வேண்டும். வாடிக்கையாளருக்கு மனசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பணம் சேரும்.

தமிழ்நாட்டிலும் நலவாரியம் இருக்கிறது. 2023 சுதந்திர தின உரையில் முதல்வர் ஸ்டாலின் அறிவித்தார். 1982-ம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் அமைந்தது. ஊழியர் தானே பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆக, அத்திப்பள்ளியில் ஆர்டர் எடுத்தால் ஒரு விதி, ஜூஜூவாடி தாண்டி ஓசூருக்குள் எடுத்தால் வேறு விதி. நடுவில் இருப்பது ஒரு செக்போஸ்ட்.

இதை எழுதிக்கொண்டிருந்தபோது பிரியாணி வந்தது. கொண்டுவந்த தம்பியிடம், “வாரியத்துல பதிஞ்சிட்டீங்களா?” என்று கேட்டேன். “எந்த வாரியம்ணா?” என்றார். அதற்குள் அவருடைய போனில் அடுத்த ஆர்டர் அடித்தது. நான் ஆப்பில் 20 ரூபாய் டிப்ஸ் போட்டேன்.